ஜெரமையா ஸ்மித்த இன்னொரு வருஷம் வாசல்லயே நிக்க வைக்காதீங்க: என்எஃப்எல் ஓனர்களுக்கும் ப்ளேயர்ஸ் யூனியனுக்கும் ஒரு திறந்த மடல்

அமெரிக்கன் ஃபுட்பாலோட ப்ரொஃபஷனல் லீக்கான என்எஃப்எல்லோட மதிப்புக்குரிய 32 டீம் ஓனர்களுக்கும், கமிஷனர் ரோஜர் குடெல் அவர்களுக்கும், ப்ளேயர்ஸ் யூனியன் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் கொலம்பஸ்ல இருந்து எழுதுறேன். ஒஹாயோவுக்கு வேலைக்கு வந்து 14 வருஷம் ஆச்சு. வந்த முதல் வருஷம் சனிக்கிழமை மத்தியானம் மளிகை வாங்க காரை எடுத்தா ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல, என்னமோ ஊரடங்கு போலன்னு பயந்து பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன், அவர்தான் என்னை உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு டிவிய காட்டி "இதுதான் எங்க ஊர்"னு சொன்னார். அன்னையில இருந்து எங்க ஊர் காலேஜ் ஒஹாயோ ஸ்டேட்டோட ஃபுட்பால் மேட்ச் ஒண்ணுகூட விட்டதில்ல. இந்த மடல தமிழ்ல எழுதுறதுக்குக் காரணம், என்னை மாதிரி இங்க வந்து இந்த விளையாட்டுல விழுந்த தமிழ் ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களும் இத படிச்சு யோசிக்கணும், அவங்க பிள்ளைங்கள்ல சிலர் இப்ப ஸ்கூல் டீம்ல ஆடுறாங்க, நாளைக்கு இந்த ரூல் அவங்க வாசலுக்கும் வரும்.

விஷயத்துக்கு வர்றேன். எங்க ஒஹாயோ ஸ்டேட்ல ஜெரமையா ஸ்மித்னு ஒரு வைட் ரிசீவர், அதாவது முன்னாடி ஓடிப் போய் பந்த பிடிக்கிற ஆள். ஃப்ளோரிடா பையன். 2024 ஆகஸ்ட் 31ஆம் தேதி ஆக்ரன் டீம் கூட முதல் மேட்ச் ஆடுறப்போ வயசு 18. அன்னைக்கு 6 கேட்ச், பிடிச்சு முன்னேறினது 92 யார்ட், கோட்டத் தாண்டி ஸ்கோர் பண்ண டச்டவுன் 2. அந்த வருஷம் மொத்தம் 76 கேட்ச், 1,315 யார்ட், 15 டச்டவுன். இதே காலேஜ்ல முதல் வருஷப் பசங்களுக்கான ரெக்கார்ட வச்சிருந்தவர் க்ரிஸ் கார்ட்டர், 1984ல போட்டது, கேட்ச், யார்ட், டச்டவுன் மூணையும் இந்தப் பையன் தாண்டிட்டான். க்ரிஸ் கார்ட்டர் யாருன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்கார். அவர் பேர கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வரணும்.

இந்தப் பையன உங்க லீகுக்குள்ள நீங்க விட மாட்டேங்கிறீங்க. ஸ்கூல் முடிச்சு மூணு சீசன் ஆகணும்னு ஒரு ரூல். ஜெரமையா 2024ல ஸ்கூல விட்டு வந்தவன், அதனால 2027 ட்ராஃப்ட், அதாவது டீம்கள் வரிசையா காலேஜ் பசங்கள தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சி, அது வரைக்கும் காத்திருக்கணும். ரெண்டு வருஷம் ஆடி முடிச்சாச்சு. அவன்கூட அதே ஃபீல்டுல அதே சீசன்ல மறுபக்கம் ஓடின எங்க டீம் ரிசீவர் கார்னல் டேட் இந்த 2026 ட்ராஃப்டுக்குப் பேர் குடுத்துட்டார், ஏன்னா அவர் ஒரு வருஷம் முன்னாடி காலேஜுக்கு வந்தவர். டேட் நல்ல ரிசீவர், நானே சொல்றேன். ஆனா எதிரணி கோச் எல்லாம் ரெண்டு ஆள போட்டு காவல் வச்சது யாருக்குன்னு மேட்ச் பாத்த எல்லாருக்கும் தெரியும்.

நீங்க சொல்ற காரணம் எனக்குத் தெரியும். 18, 19 வயசுப் பையன் உடம்பு தாங்காது, வளர்ந்த ஆம்பளைங்க மோதினா ஒடஞ்சிடுவான், மனசும் பக்குவப்படாது, அதனால அவன் நல்லதுக்குத்தான் இந்த ரூல். கேக்க நியாயமாத்தான் இருக்கு, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன். ஆனா உங்க லீக்கோட சொந்த வரலாறையே எடுத்துப் பாத்தா இந்தக் காரணம் நிக்கல.

2007ல அமோபி ஒகோயேனு ஒரு பையன ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் 10ஆவது பிக்ல எடுத்தாங்க. நைஜீரியால பொறந்தவர், படிப்புல கெட்டி, 15 வயசுலயே ஹைஸ்கூல் முடிச்சுட்டார், லூயிவில் காலேஜ்ல நாலு வருஷம் ஆடினார். ட்ராஃப்ட் அன்னைக்கு வயசு 19. அவர் ஆடின இடம் எது? டிஃபென்ஸிவ் டாக்கிள். ஒவ்வொரு ஸ்நாப்லயும், அதாவது பந்த ஆட்டத்துக்கு எடுக்கிற ஒவ்வொரு தடவையும், 140 கிலோ ஆளுங்க ரெண்டு பேர் மேல விழுற இடம், ஃபீல்டுலயே உடம்பு அதிகம் அடி வாங்குற இடம். அங்க 20 வயசுப் பையன விட்டீங்க, அவரும் முதல் மாசமே சிறந்த டிஃபென்ஸிவ் ரூக்கி, அதாவது முதல் வருஷ ஆள்னு பேர் வாங்கினார். 2018ல பஃபலோ எடுத்த ட்ரெமேன் எட்மண்ட்ஸுக்கும் ட்ராஃப்ட் அன்னைக்கு 19தான், லைன்பேக்கர். அப்போ வயசு உங்களுக்குப் பிரச்சினையே இல்ல. நீங்க எண்ணுறது ஸ்கூல் சர்டிஃபிகேட்ல இருக்கிற தேதிய.

எடையா பிரச்சினை? 2021ல டெவான்டா ஸ்மித்த ஃபிலடெல்ஃபியா 10ஆவதா எடுத்தாங்க. காலேஜ்ல சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் ட்ராஃபி ஜெயிச்ச ரிசீவர், மெடிக்கல் செக்கப்ல எடை 166 பவுண்ட், அதாவது 75 கிலோ. காத்தடிச்சா பறந்துடுவார்னு அப்ப பேசாத ஆள் இல்ல. முதல் வருஷமே 916 யார்ட், அப்புறம் 2025 பிப்ரவரில லீக் ஃபைனலான சூப்பர் பவுல்ல 46 யார்ட் டச்டவுன் பிடிச்சு மோதிரமும் வாங்கிட்டார். 75 கிலோ ஆளுக்கு கதவு தொறந்திருக்கு, ஆறடி மூணு அங்குலம், 215 பவுண்ட், கிட்டத்தட்ட 97 கிலோவோட முதல் வருஷமே வந்து நின்ன பையனுக்கு உடம்பு பத்தாதுன்னு சொல்றீங்க. இத எப்படி ஏத்துக்கிறது?

என்னைத் தூங்க விடாம பண்றது 2004 கதைதான். இத எழுத உக்காந்ததே அதுக்காகத்தான்.

அந்த வருஷம் ரெண்டு ரிசீவர்ஸ். ரெண்டு பேரும் காலேஜ்ல ரெண்டே சீசன் ஆடினவங்க. ஒருத்தர் பிட்ஸ்பர்க் காலேஜ்ல லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட், 2003ல 92 கேட்ச், 1,672 யார்ட், 22 டச்டவுன். இன்னொருத்தர் சதர்ன் கலிஃபோர்னியாவுல மைக் வில்லியம்ஸ், அதே வருஷம் 95 கேட்ச், 1,314 யார்ட், 16 டச்டவுன். ரெண்டு பேரும் உயரமானவங்க, ரெண்டு பேருக்கும் கை பசை மாதிரி ஒட்டும். ஃபிட்ஸ்ஜெரால்ட் ஸ்கூல் படிப்ப நடுவுல மாத்தி வேலி ஃபோர்ஜ் ராணுவ அகாடமில கொஞ்ச காலம் இருந்தவர், அதனால ஸ்கூல் கணக்குல மூணு வருஷம் ஆச்சுன்னு நீங்க ஒத்துக்கிட்டீங்க. அரிஸோனா கார்டினல்ஸ் மூணாவது பிக்ல எடுத்தாங்க. முதல் வருஷம் 780 யார்ட், ரெண்டாவது வருஷம் 103 கேட்ச், 1,409 யார்ட். 17 சீசன் அதே டீம்ல ஆடி 17,492 யார்டோட ரிட்டயர் ஆனார். உங்க லீக் வரலாற்றுலயே ஜெர்ரி ரைஸ்க்கு அடுத்த இடம். காலேஜ்ல ரெண்டே வருஷம் ஆடினவர்! ரெண்டு வருஷம் பத்தாதுன்னு சொல்ற ரூலுக்கு இதுக்கு மேல என்ன பதில் வேணும்?

மைக் வில்லியம்ஸ் கதை வேற மாதிரி போச்சு. அதுக்கு எங்க ஊர் பையன் மாரிஸ் க்ளாரெட்டப் பத்தி சொல்லணும். 2002ல க்ளாரெட் ஒஹாயோ ஸ்டேட்டோட முதல் வருஷ ரன்னிங் பேக், அதாவது பந்தத் தூக்கிட்டு ஓடுறவர், 1,237 யார்ட் ஓடி, மயாமிய ரெண்டு ஓவர்டைம்ல 31க்கு 24னு ஜெயிச்ச அந்த சாம்பியன் டீம்ல இருந்தார். அடுத்த வருஷம் சஸ்பெண்ட் ஆனார், ட்ராஃப்டுக்கு வரணும்னு உங்க மேல கேஸ் போட்டார். 2004 பிப்ரவரில நியூயார்க் ஜட்ஜ் ஷீரா ஷைன்ட்லின் இந்த ரூல் செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னாங்க. கதவு தொறந்துருச்சுன்னு நம்பி மைக் வில்லியம்ஸ் ஏஜென்ட் வச்சு ட்ராஃப்டுக்குப் பேர் குடுத்தார். நீங்க அப்பீல் போனீங்க. ஏப்ரல்ல, ட்ராஃப்டுக்குச் சில நாள் முன்னாடி, அப்பீல் கோர்ட் அந்தத் தீர்ப்ப நிறுத்தி வச்சுது, மே மாசம் உங்க பக்கம் முழுத் தீர்ப்பு வந்துது, எழுதினவங்க பின்னாடி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன சோனியா சோட்டோமயோர். வில்லியம்ஸ் காலேஜுக்குத் திரும்பப் போகலாம்னு பாத்தார், ஏஜென்ட் வச்சுட்டல்ல, முடியாதுன்னு காலேஜ் விளையாட்ட நடத்துற என்சிஏஏ கதவ சாத்திடுச்சு. அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்ல. ஒரு சீசன் முழுக்க சும்மா உக்காந்தார்.

2005ல டெட்ராய்ட் லயன்ஸ் 10ஆவதா எடுத்தாங்க. வந்தப்போ பழைய ஆள் இல்ல, எடை ஏறிடுச்சு, முதல் வருஷம் 29 கேட்ச். ரெண்டு வருஷத்துல டீம் மாத்தி டீம் மாத்தி லீக்க விட்டே வெளிய போய்ட்டார். 2010ல அவரோட பழைய காலேஜ் கோச் பீட் கேரல் சியாட்டில்ல சான்ஸ் குடுத்தப்போ 65 கேட்ச், 751 யார்ட்னு திரும்பி வந்து நின்னார். அப்போ அவருக்குள்ள ஆட்டம் இருந்துச்சுங்க. அந்தக் காலி வருஷம் மட்டும்தான் எல்லாத்துக்கும் காரணம்னு நான் சொல்லல, டெட்ராய்ட் அப்ப இருந்த நிலைமை, அவரோட ஒழுங்கு, எல்லாம் சேர்ந்ததுதான். ஆனா ஒரே வயசு, ஒரே அனுபவம் இருந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஒரு சர்டிஃபிகேட் வழி விட்டுச்சு, இன்னொருத்தர கோர்ட் வாசல்ல ஒரு வருஷம் நிக்க வச்சுச்சு. இத பாதுகாப்புன்னு சொல்லாதீங்க.

யூனியன்ல இருக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு. அந்தத் தீர்ப்போட அடிப்படையே நீங்கதான். சோட்டோமயோர் சொன்னதோட சாரம், வேலைக்கு யாரை எடுக்கணும்ங்கிற நிபந்தனைய யூனியனும் முதலாளியும் பேசி முடிவு பண்ணலாம், இன்னும் உள்ள வராதவனையும் அது கட்டுப்படுத்தும். சட்டப்படி சரி. ஆனா அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில அந்த 19 வயசுப் பையனுக்காக யார் உக்காந்திருந்தாங்க? அவன் உங்க மெம்பர் இல்ல, ஓட்டு இல்ல. உள்ள இருக்கிற 30 வயசு ரிசீவருக்கு இளம் பசங்க ஒரு வருஷம் தள்ளி வந்தா லாபம், ஓனருக்கு காலேஜ் இலவசமா ட்ரெயினிங் குடுத்து டிவில ஆள பிரபலமாக்கி அனுப்பினா லாபம். ரெண்டு பக்கமும் லாபம் பாக்கிறவங்களே உக்காந்து வெளிய நிக்கிறவன் வருஷத்த எடுத்துக்கிட்டா அதுக்குப் பேர் என்ன?

இந்த ரூல் எங்க இருந்து வந்துச்சுன்னும் பாருங்க. 1925ல ரெட் கிரேஞ்ச் இல்லினாய் காலேஜ்ல கடைசி மேட்ச முடிச்ச கையோட சிகாகோ பேர்ஸ்ல சேர்ந்தார், காலேஜ்காரங்க கொதிச்சாங்க, அவங்கள சமாதானப்படுத்தத்தான் ஒரு பையனோட கூடப் படிச்சவங்க பட்டம் வாங்குற வரைக்கும் அவன எடுக்க மாட்டோம்னு லீக் ஒத்துக்கிச்சு. 1990ல அந்த நாலு வருஷத்த மூணா இறக்கினீங்க. நாலு மூணாச்சுன்னா மூணு ரெண்டாகக் கூடாதுன்னு எந்த மருத்துவரும் சொல்லல.

சரி, இந்தப் பையன் உண்மையிலேயே தயாரா, இல்ல ஊர்க்காரன்ங்கிற பாசத்துல பேசுறேனா? நியாயமான கேள்வி, நான் பாத்தத சொல்றேன்.

ரிசீவருக்கு முதல் சோதனை பந்து பிடிக்கிறது இல்ல. அதுக்கு முன்னாடி முதல் ரெண்டு அடி. எதிர்ல கார்னர், அதாவது ரிசீவர காவல் காக்கிறவன், மூக்குக்கு மூக்கு நின்னு நெஞ்சுல கைய வைக்க வர்றான், அவன் கை படாம எப்படி நழுவுறதுங்கிறதுதான் காலேஜ்ல ஜொலிச்ச பாதிப் பேர மேல வந்ததும் காணாமப் போக வைக்கிறது. 2025 ஜனவரி 20, அட்லான்டா, நோட்டர் டேம் கூட ஃபைனல். ஒரு கட்டத்துல 31க்கு 7னு இருந்த மேட்ச் 31க்கு 23 ஆயிடுச்சு, மூணு நிமிஷம்கூட இல்ல, தேர்ட் டவுன், அதாவது மூணாவது முயற்சி, பந்த தக்க வச்சுக்க இன்னும் 11 யார்ட் வேணும். எல்லா கோச்சும் அங்க பந்த பத்திரமா கீழ வச்சு நேரத்த ஓட்டத்தான் பாப்பாங்க. பந்த எறியுற எங்க க்வார்ட்டர்பேக் வில் ஹவர்ட் தூக்கி ஜெரமையாவுக்கு அடிச்சார். ஒத்தைக்கு ஒத்தை காவல். ஸ்நாப் ஆனதும் ஒரு கால் அசைவு, அவ்வளவுதான், கார்னர் பின்னாடி, 56 யார்ட். எங்க வீட்டுல நானும் என் பையனும் போட்ட சத்தத்துல மேல தூங்கிட்டிருந்த என் அம்மா பதறி இறங்கி வந்துட்டாங்க. ஃபீல்ட் கோல், 34க்கு 23, சாம்பியன். 19 வயசு.

அதே சீசன் ப்ளேஆஃப்ல, ரோஸ் பவுல் மேட்ச்ல, நாட்டுலயே முதல் இடத்துல இருந்த ஆரிகன் கூட 7 கேட்ச், 187 யார்ட், 2 டச்டவுன். டென்னஸி கூட 103 யார்ட், 2 டச்டவுன். மிச்சிகன் ஸ்டேட் கூடவும் ஐயோவா கூடவும் ஒத்தைக் கையில பிடிச்சத நான் எத்தனை தடவ ரீவைண்ட் பண்ணிப் பாத்தேன்னு கணக்கே இல்ல. மறைக்க மாட்டேன், டெக்ஸஸ் கூட செமி ஃபைனல்ல ஒரே ஒரு கேட்ச், 3 யார்ட். அவங்க அவன விடவே இல்ல. ஆனா அவனுக்காக எப்பவும் ஒரு ஆள் கூடுதலா போனதால மத்தவங்களுக்கு இடம் கெடச்சுது, 28க்கு 14னு ஜெயிச்சோம். நம்பர்ல வராத வேலை அது. பந்து வரலன்னு மூஞ்சிய தூக்காம கடைசி வரைக்கும் தனக்குக் குடுத்த ஒவ்வொரு ஓட்டப் பாதையையும் முழுசா ஓடினான், நான் கவனிச்சுப் பாத்தேன். 2025ல ரெண்டாவது வருஷமும் 1,000 யார்ட் தாண்டிட்டான்.

காலேஜுக்கும் உங்க லீக்குக்கும் வித்தியாசம் இருக்கு, தெரியும். உங்ககிட்ட ரெண்டு காலும் கோட்டுக்குள்ள படணும், காலேஜ்ல ஒண்ணு போதும். ஆனா உங்ககிட்ட அஞ்சு யார்டுக்கு மேல கார்னர் கை வச்சா ஃபவுல்னு கொடி விழும், காலேஜ்ல பந்து காத்துல ஏறுற வரைக்கும் ரிசீவர மறிச்சு மறிச்சுத் தள்ளலாம். அந்த வகையில உங்க லீக் இவனுக்கு இன்னும் லேசு. பெரிய உடம்ப வச்சுக்கிட்டு சின்னப் பசங்க மேல மோதி ஜெயிக்கிற ரகமா இருந்தா நானும் பயப்படுவேன், அந்த மாதிரி ரிசீவர்ஸ் மேல வந்ததும் தடுமாறினத பாத்திருக்கேன். லக்வான் ட்ரெட்வெல் 2016ல மினசோட்டா 23ஆவதா எடுத்த பையன், வயசு 20, பெரிய உடம்பு, பலமான கை. 40 யார்ட் ஓட்டம் 4.63 செகண்ட். முதல் வருஷம் மொத்தமே ஒரு கேட்ச், 15 யார்ட். கார்னர விட்டு விலக முடியல. ஜெரமையா ஜெயிக்கிறது அந்த விலகல்லதான், உடம்பு அதுக்கு மேல கூடுதல் சரக்கு.

ட்ரெட்வெல் பேர எடுத்தா இன்னொண்ணும் சொல்லணும். அவர் காலேஜ்ல மூணு வருஷம் ஆடினவர். மூணாவது வருஷம் 1,153 யார்ட் எடுத்தும் மேல எதுவும் கைகூடல. 2024 ட்ராஃப்ட பாருங்க, எங்க மார்வின் ஹாரிசன் ஜூனியர், ஹால் ஆஃப் ஃபேமர் பையன், மூணு வருஷம் காலேஜ், 4ஆவது பிக், முதல் வருஷம் 885 யார்ட். அதே ட்ராஃப்ட்ல 23ஆவதா போன ப்ரையன் தாமஸ் ஜூனியர் 1,282. மூணு வருஷம் வச்சிருந்தா தேறினது யாருன்னு தெரிஞ்சுடும்னா உங்க ஸ்கவுட்ஸ் இந்த வரிசைய மாத்திப் போட்டிருக்க மாட்டாங்களே. நீங்க காத்திருந்து வாங்குற அந்த மூணாவது வருஷம் உங்களுக்கே உறுதி எதுவும் தர்றதில்ல, பையனுக்கு ஆபத்த மட்டும் கூட்டுது.

அந்த ஆபத்து கற்பனை இல்ல. நோட்டர் டேம் லைன்பேக்கர் ஜேலன் ஸ்மித், 2016 ஜனவரி 1, எங்க டீம் கூடத்தான் ஃபியஸ்டா பவுல், டாப் அஞ்சுல போவார்னு பேசின ஆள், முட்டி போயிடுச்சு, 34ஆவதா போனார். சவுத் கரோலினா ரன்னிங் பேக் மார்கஸ் லட்டிமோர் 2012ல முட்டி ஒடஞ்சு, ட்ராஃப்ட் ஆகியும் ஒரு என்எஃப்எல் மேட்ச்கூட ஆடாம ரிட்டயர் ஆனார். ஜாக்ஸன் ஸ்மித் என்ஜிக்பா, எங்க ரிசீவர்தான், ரோஸ் பவுல்ல 347 யார்ட் எடுத்த பையன், மூணாவது வருஷம் தொடைத் தசை பிடிச்சு மூணு மேட்ச்தான் ஆடினார், அவர் தப்பிச்சார், சியாட்டில் 20ஆவதா எடுத்தாங்க. ஜெரமையாவே 2025 நவம்பர்ல கால் பிரச்சினையால ரட்கர்ஸ் மேட்ச்ல ஆடல. அந்த வாரம் இந்த ஊர்ல எத்தனை பேர் வேண்டிக்கிட்டாங்கன்னு எனக்குத் தெரியும், நானும் ஒருத்தன்.

இப்பதான் காலேஜ்லயே காசு வருதே, அப்புறம் என்ன அவசரம்னு கேப்பீங்க. உண்மைதான், 2021ல இருந்து விளம்பரக் காசு, 2025ல கோர்ட் சமரசத்துக்கு அப்புறம் காலேஜே வருஷத்துக்கு சுமார் 20.5 மில்லியன் டாலர் வரைக்கும் விளையாட்டுப் பசங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கலாம். பையன் பசியோட இல்ல, சந்தோஷம். ஆனா ரிசீவரோட பெரிய காசு முதல் காண்ட்ராக்ட்ல இல்ல, ரெண்டாவதுல. முதல் காண்ட்ராக்ட் நாலு வருஷம், தொகையும் பிக் நம்பர வச்சு முன்னாடியே கட்டியாச்சு, ஹாரிசனுக்கு 35 மில்லியன் சொச்சம். அதுக்கு அப்புறம் வர்றதுதான் இப்ப இருக்கிற பெரிய ரிசீவர்ஸ் ஜஸ்டின் ஜெஃபர்சனோட 140 மில்லியன், ஜமார் சேஸோட 161 மில்லியன். நீங்க முன்னாடி ஒரு வருஷம் தள்ளினா அந்த ரெண்டாவது காண்ட்ராக்டும் ஒரு வருஷம் தள்ளுது, கால் தேய ஆரம்பிக்கிற வயசுக்கு ஒரு வருஷம் கிட்டப் போகுது. ரிசீவர் கால் ரப்பர் மாதிரி, எத்தனை தடவ இழுக்கலாம்னு ஒரு கணக்கு இருக்கு.

சேஸ் பேர் வந்ததால சொல்றேன். 2019ல லூயிசியானா ஸ்டேட் காலேஜ்ல 84 கேட்ச், 1,780 யார்ட், 20 டச்டவுன், வயசு 19. அது அவரோட ரெண்டாவது வருஷம். 2020ல கோவிட் காலம், ஆடல, வருஷம் முழுக்க ஒதுங்கி இருந்தார். 2021ல சின்சினாட்டி 5ஆவதா எடுத்துது, ப்ராக்டீஸ் மேட்ச்கள்ல பந்த விட்டார், இவனா அந்தப் பெரிய ரிசீவர்னு ஊரே பேசுச்சு. சீசன் முடியும்போது 1,455 யார்ட், சிறந்த ஒஃபென்ஸிவ் ரூக்கி, டீம் சூப்பர் பவுல்ல. அப்போ மூணாவது வருஷம் அவருக்கு என்ன கத்துக் குடுத்துச்சு? ஆடவே இல்லையே. 19 வயசுல இருந்த அதே சேஸ்தான் வந்து ஜெயிச்சார். வில்லியம்ஸும் ஒரு வருஷம் சும்மா இருந்தவர்தானேன்னு நீங்க திருப்பிக் கேக்கலாம். கேளுங்க. சேஸுக்கு அது தானா எடுத்த முடிவு, அடுத்த ஏப்ரல் எங்க நிப்போம்னு தெரியும், அதுக்காகத் தயாரானார். வில்லியம்ஸ் நம்பிப் போன கதவு மூஞ்சில அடிச்சுச்சு.

நம்ம தமிழ் ஆளுங்களுக்கு ஒண்ணு சொல்றேன், 1989ல சியால்கோட்ல வக்கார் யூனிஸ் பந்து மூக்குல பட்டு ரத்தம் ஒழுக ஒழுக பேட் பண்ண சச்சினுக்கு வயசு 16. அன்னைக்கு யாரும் போய் ஸ்கூல முடிச்சு மூணு வருஷம் கழிச்சு வான்னு சொல்லல. ஆட்டத்த பாத்துதான் முடிவு பண்ணாங்க. அப்படி எல்லாப் பசங்களையும் உள்ள விடச் சொல்லல நான். 18 வயசு லைன்மேன உங்க டிஃபென்ஸிவ் எண்ட் முன்னாடி நிறுத்தினா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும். படிப்பும் போய் ட்ராஃப்டும் கெடைக்காம நடுத்தெருவுல நிக்கிற பசங்கள பத்தியும் தெரியும், இப்பவே மூணு வருஷத்துல அவசரப்பட்டு வந்து பேர் வராமப் போறவங்க வருஷா வருஷம் இருக்காங்க.

அதனால கேக்கிறது சின்னது. உங்ககிட்டயே காலேஜ் அட்வைசரி கமிட்டினு ஒண்ணு இருக்கு, டீம்களோட ஆள் பாக்கிற நிபுணர்கள் உக்காந்து, ட்ராஃப்டுக்கு வரலாமான்னு கேக்கிற பையனுக்கு முதல் ரவுண்டு, ரெண்டாவது ரவுண்டு, இல்ல காலேஜுக்கே போன்னு மார்க் போட்டுக் குடுப்பாங்க. அதே கமிட்டிகிட்ட ரெண்டு சீசன் முடிச்ச பையனும் கேக்கலாம்னு வைங்க. முதல் ரவுண்டுனு சொன்னா மட்டும் வரலாம். இல்லன்னா திரும்பிப் போய் ஆடட்டும், வில்லியம்ஸுக்கு நடந்தது யாருக்கும் நடக்காத மாதிரி, பேர் குடுத்ததுக்காக காலேஜ் தகுதி போகாதுன்னு என்சிஏஏகிட்ட முன்கூட்டியே எழுதி வாங்குங்க. வருஷத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேர் வருவாங்களா, அதுவே அதிகம். இதுக்கு 2030 சீசன் முடிஞ்சு இப்ப இருக்கிற ஒப்பந்தம் தீர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல, ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா நடுவுலயே திருத்தலாம், 2020ல பழைய ஒப்பந்தம் தீர்றதுக்கு முன்னாடியே புதுசு போட்டு சீசனுக்கு 17ஆவது மேட்ச்ச சேர்க்க மட்டும் உங்களுக்கு வழி கெடச்சுதே.

இந்த வருஷ ட்ராஃப்டுக்கு நேரம் போச்சுன்னு சொல்வீங்க. கோடைல சப்ளிமென்ட்டல் ட்ராஃப்ட்னு ஒண்ணு நீங்களே வச்சிருக்கீங்க, நடுவுல நிலைமை மாறின பசங்களுக்காக. 2012ல ஜாஷ் கார்டன் அப்படித்தான் க்ளீவ்லாண்டுக்கு வந்தார், அடுத்த வருஷம் 14 மேட்ச்ல 1,646 யார்ட், லீக்லயே முதல் இடம். அதுக்கும் முன்னாடி, 1987ல, ஒஹாயோ ஸ்டேட்ல ஏஜென்ட் விவகாரத்துல கடைசி வருஷத் தகுதிய இழந்து நின்ன ஒரு ரிசீவர அதே சப்ளிமென்ட்டல் ட்ராஃப்ட் வழியா நாலாவது ரவுண்டுல ஃபிலடெல்ஃபியா எடுத்தாங்க. 130 டச்டவுன் பிடிச்சு 2013ல ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். பேர் க்ரிஸ் கார்ட்டர். ஜெரமையா ஒடச்சது அவரோட ரெக்கார்டத்தான். தப்பு பண்ண கார்ட்டருக்கு நீங்க தொறந்த அந்தக் கதவ, ஒரு தப்பும் பண்ணாத இந்தப் பையனுக்கு இந்தக் கோடைல தொறங்கன்னுதான் கேக்கிறேன்.

மரியாதையுடன்,
கொலம்பஸ், ஒஹாயோல இருந்து ஒரு ரசிகன்